உப்பு கம்மியா இருக்கு, ஆச்சி

மூன்று வருஷத்துக்கு முன்னால், சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் முதல் தடவையாகக் கூழ்வத்தல் போட்டேன். பதம் சரியாக வந்தது. வெயிலும் நன்றாக இருந்தது. காய்ந்த வத்தல் கண்ணாடி மாதிரி மினுங்கியது, எண்ணெயில் போட்டால் பூவாக விரிந்தது. வாயில் வைக்கத்தான் முடியவில்லை. அவ்வளவு உப்பு. கூழாக இருந்தபோது ருசி பார்த்துத்தான் உப்புப் போட்டேன். அப்போது நாக்குக்கு அளவாகவே இருந்தது. இரண்டு கிலோ வத்தலும் வீண்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கூழை இறக்குறதுக்கு முன்னாடி ஆச்சி என்ன சொல்லுவா, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அந்த வார்த்தை மனசில் அப்படியே இருக்கிறது. அர்த்தம்தான் அன்றைக்கு விளங்கியது.

ஆச்சி என்றால் அம்மாவின் அம்மா. அவள் வீடு வீரவநல்லூரில். பரீட்சை முடிந்த மறுநாளே மதுரையிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி ஜங்ஷன், அங்கிருந்து செங்கோட்டை ரயில். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை, கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும் என்று தெரிந்தும் ஜன்னலோரத்துக்குத்தான் சண்டை போடுவோம். பேட்டை, சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டே வந்து, காருகுறிச்சி தாண்டியதும் அம்மா பெட்டியை இறக்கச் சொல்வாள். வண்டி நிற்கும்போது தாத்தா பிளாட்பாரத்தில் குடையோடு நிற்பார். ஒரு தடவைகூட அவர் இல்லாமல் நாங்கள் இறங்கியதில்லை.

தெருவைப் பார்த்த தார்சா என்கிற முன்கட்டு, அதைத் தாண்டி பட்டாசல் என்கிற கூடம், பக்கத்தில் நெல்லும் பருப்பும் இருக்கிற இருட்டு அரங்கு, கடைசியில் அடுப்படியும் புறவாசலும். பட்டாசலில் பத்தமடைப் பாயை விரித்து வரிசையாகப் படுத்துக்கொள்வோம். அத்தை, சித்தி பிள்ளைகளோடு மொத்தம் பதினோரு பேர். விடிந்ததும் முதலில் கேட்பது பக்கத்துத் தெருவின் தறிச் சத்தம். வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் காதில் விழுந்தது.

அந்த வருஷங்களில் குற்றாலம் போயிருக்கிறோம், திருச்செந்தூர் போயிருக்கிறோம், போட்டோ இருக்கிறது. போட்டோவைப் பார்த்தால்தான் போனதே நினைவுக்கு வருகிறது. போட்டோவே இல்லாமல் நாள் தவறாமல் நினைவுக்கு வருவது ஆச்சி எங்களுக்குக் கொடுத்த வேலைகள். வந்து இறங்கிய அன்றைக்குச் சாயங்காலமே யாருக்கு என்ன என்று பிரித்துவிடுவாள். பெரிய அத்தான்கள் கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்ப வேண்டும். காருகுறிச்சி மண்பானையைக் கழுவி நன்னாரி வேர் போட்டுத் தண்ணீர் மாற்றுவது சித்தி மகள் பொறுப்பு. கன்னுக்குட்டிக்குக் கழுநீர் காட்டுவது என் தம்பி. "லீவுக்கு வந்த பிள்ளைகளைப் போட்டு வேலை வாங்குதியே" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மை கேட்டால், "கையில ஒண்ணு இருந்தாத்தான் வீடு அதுகளுக்கும் சொந்தம்னு தோணும்" என்பாள் ஆச்சி. கன்னுக்குட்டிக்குத் தண்ணீர் காட்ட மறந்த அன்றைக்கு என் தம்பியை யாரும் திட்டவில்லை. கன்னுக்குட்டி கத்தியதை அவனே கேட்டான், சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடினான். அவனுக்கு அப்போது ஏழு வயசு.

என் வேலை வத்தலுக்குக் காவல்.

கத்திரி தொடங்கி நாலைந்து நாள் கழித்து ஒரு நல்ல வெயிலாகப் பார்த்து ஆச்சி வத்தல் போடுவாள். முந்தின நாள் சாயங்காலமே பச்சரிசியை ஊறப் போட்டு ஆட்டுரலில் வெண்ணெயாக ஆட்டி வைத்துவிடுவாள். வீட்டு வயலில் விளைந்த அரிசிதான். தாத்தா கார் பருவச் சாகுபடிக்கு அம்பை 16 என்கிற நெல் போடுவார். அம்பாசமுத்திரத்தில் 1937-இலிருந்து இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம், அப்போது ஊரில் அதைப் 'புது நெல்' என்றுதான் சொல்வார்கள். குட்டையாக, குண்டாக இருக்கும். அரிசியை அளக்கும்போது ஆச்சி வாய்விட்டு எண்ணுவாள்: வீட்டுக்கு இத்தனை, மகள்களுக்குக் கொடுத்துவிட இத்தனை, காக்காய்க்கு ஒரு உழக்கு, பிள்ளைகளுக்கு ஒரு உழக்கு. பிள்ளைகளுக்கு என்று தனியாக ஏன் என்று அப்போது யோசித்ததில்லை.

விடிகாலை நாலு மணிக்கு அடுப்படியில் விறகு எரிகிற வாசம் எழுப்பிவிடும். பெரிய அண்டாவில் உலை கொதிக்கும். ஒரு உழக்கு அரிசிக்கு ஆறு உழக்குத் தண்ணீர். அத்தை மாவைக் கரைத்து ஊற்ற, ஆச்சி துடுப்பால் கை விடாமல் கிண்டுவாள். நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். கூழ் முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். வேக வேக வெள்ளை மங்கி ஒரு மினுமினுப்பு ஏறும். கொதிக்கிற சத்தமும் மாறும். சலசலவென்று இருந்தது அடங்கி, பொளக், பொளக் என்று ஒவ்வொரு குமிழாக வெடிக்கும். அப்போது ஆச்சி கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழின் மேலாக ஒரு தட்டுத் தட்டுவாள். கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். வேகாத கூழில் போட்ட வத்தல் காய்ந்ததும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும்.

பச்சை மிளகாயும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்து அரைத்ததைப் போட்டு, உப்புக் கரைசலை ஊற்றி, இன்னும் ஒரு கொதி. எலுமிச்சம்பழத்தை இறக்கி வைத்த பிறகுதான் பிழிவாள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசந்துபோகும். இறக்குவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. வீட்டில் இருக்கிறதிலேயே சின்னப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவாள். மூன்று வருஷம் அது நான்தான்.

"ஏட்டி, இங்க வா. நாக்க நீட்டு."

அகப்பை நுனியில் கொஞ்சமாக எடுத்து, ஊதி ஊதி ஆற்றி என் நாக்கில் வைப்பாள். காரம் லேசாக ஏறும். நான் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மியா இருக்கு, ஆச்சி" என்பேன்.

"அப்படின்னா சரியா இருக்கு" என்று சொல்லி அண்டாவை இறக்கிவிடுவாள்.

மூன்று வருஷமும் இதேதான். கம்மி என்று சொன்ன பிறகும் ஒரு கல் உப்புக்கூடப் போட மாட்டாள். நான் சொல்வதைக் கேட்கப் போவதில்லை என்றால் என்னை ஏன் கூப்பிட வேண்டும் என்று ஒரு வருஷம் அழுதே விட்டேன். ஆறு உழக்குத் தண்ணீரும் வெயிலில் போய்விடும், உப்பு மட்டும் போகாது என்று அவள் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் ஆறு வயசில் எனக்குப் புரிந்திருக்காது. கூழில் அளவாக இருந்தால் வத்தலில் பல மடங்கு ஏறிவிடும் என்பதை, இரண்டு கிலோவைக் கொட்டிய அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

மொட்டை மாடியை அங்கே தட்டட்டி என்பார்கள். சூரியன் ஏறுவதற்கு முன்னால் தட்டட்டியில் பாயை விரித்து, அதன் மேல் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கரண்டி கரண்டியாகக் கூழை ஊற்றிக்கொண்டே போவார்கள். ஏழு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அப்புறம் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி நிழலில் நான். காக்காய் வந்தால் குடையை ஆட்ட வேண்டும், அணில் வந்தால் எழுந்து ஓட வேண்டும். பதினோரு மணிவாக்கில் வத்தல் ஓரம் காய்ந்து, நடுவில் மெத்தென்று இருக்கும். அந்தப் பதத்தில் பிய்த்துத் தின்றால் வருகிற ருசி பொரித்த வத்தலுக்கு வராது. அதற்குள் மற்ற பத்துப் பேரும் மாடிக்கு வந்திருப்பார்கள். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வரும்போது வரிசை வரிசையாக ஓட்டை இருக்கும். ஆச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள். பிள்ளைகளுக்கு என்று அளந்த உழக்கு அங்கேதான் போகும் என்பது அவளுக்குக் காலையிலேயே தெரியும்.

சாயங்காலம் தாத்தா ஆற்றுக்குக் கூட்டிப்போவார். மே மாதத்தில் தாமிரபரணியில் தண்ணீர் கம்மியாகத்தான் இருக்கும், பாறை தெரியும். நாங்கள் எங்கே இறங்கினாலும் தாத்தா எங்களுக்குக் கீழ்ப்புறமாக, தண்ணீர் போகிற பக்கம் இடுப்பளவில் நின்றுகொள்வார். கால் வழுக்கினால் அவரிடம்தான் போய்ச் சேருவோம். இன்றைக்கு என் பிள்ளைகளை எந்த ஆற்றில் இறக்கினாலும் நான் அங்கேதான் நிற்கிறேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தாத்தா அங்கே நின்றார், அவ்வளவுதான். ஒன்று மட்டும் அவர் காலத்துக்குப் பிறகு மாறியிருக்கிறது. மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கிறது என்று வெளியூரிலிருந்து போகிற நமக்குத் தெரியாது. ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் பழைய படித்துறைதானே என்று பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது கன்னடியன் கால்வாய்க் கரையில் தாத்தா கதை சொல்வார். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் ஒன்று. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொன்னைத் தர்மத்துக்குச் செலவழிக்க நினைத்து அகத்தியரிடம் வழி கேட்கிறார். ஒரு பசுவின் பின்னாலேயே போ, அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு என்கிறார் அகத்தியர். கதை நடக்கிற இடத்திலேயே, கால்வாய்த் தண்ணீர் பக்கத்தில் ஓட, இதைக் கேட்டால் எப்படி இருக்கும்! ஒவ்வொரு மடையைத் தாண்டும்போதும் தம்பி பசு நின்ற இடத்தைத் தேடுவான்.

என் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்தபோது நடுவில் ஒரு பகுதி எனக்குக் காணாமல் போயிருந்தது. பொன்னை யாரிடமோ கொடுத்து வைத்து ஏமாறுகிறாரே, அது எப்படித் திரும்பக் கிடைத்தது? அத்தானிடம் கேட்டேன். அவருக்கு அந்த இடம் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது, பசு வருவதே மறந்துவிட்டது. பொன்னைத் துவரை மாதிரி மணிகளாக்கி வைத்திருந்தார் என்பது சித்தி மகள் சொல்லித்தான் தெரிந்தது. ஆளுக்கு ஒரு துண்டாகத் தாத்தா எங்களிடம் இருக்கிறார். இப்போது நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். குடும்பக் குழுவில் மாதம் ஒருவர் ஒரு விஷயத்தை எடுத்து, 'தாத்தா இதை எப்படிச் சொல்வார்?' என்று கேட்பார், மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் குரலில் பதிந்து அனுப்புவார்கள். எழுதச் சொன்னபோது யாரும் எழுதவில்லை. பேசச் சொன்னதும் எல்லோரும் பேசினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது எனக்கு வலிக்கிற விஷயம்.

வீடு பாகம் பிரித்தபோது அரங்கிலிருந்த தாத்தாவின் கணக்கு நோட்டுகள் என் கைக்கு வந்தன. பெரிய நீளக் கட்டு நோட்டு, ஊதா மசி. ஏப்ரல் கடைசியில் 'பிள்ளைகள் வந்தாச்சு' என்று ஒரு வரி இருக்கும். அப்புறம் மே முழுக்கத் தேங்காய், மாம்பழம், நுங்கு, கருப்பட்டி. பக்கங்கள் நிறைந்திருக்கும். ஜூன் முதல் வாரத்தில் 'பிள்ளைகள் போயாச்சு'. அதற்கு அடுத்த வரி: 'அவளுக்குக் கால் தைலம் ரூ.6.50'. மறு வருஷ நோட்டை எடுத்தேன். ஜூனில் தைலம். அதற்கு மறு வருஷமும் ஜூனில் தைலம். வேறு எந்த மாதத்திலும் அந்தச் செலவு இல்லை.

நாங்கள் நாற்பது நாள் அனுபவித்த லீவு ஆச்சியின் காலில்தான் நின்றிருக்கிறது. பதினோரு பிள்ளைகள், கூடவே வந்த பெரியவர்கள், மூன்று வேளைச் சமையல். அவள் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவள் தன் பங்கில் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. மருமகள்களும் மகள்களும் கூட நின்றார்கள் என்றாலும் நாலு மணிக்கு எழுந்தது அவள்தான். பாட்டி வீட்டு லீவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சந்தோஷமாகப் பேசுகிறோம். அந்த மாதத்தை ஆச்சியின் இடத்திலிருந்து நான் பார்த்தது என் நாற்பது வயசுக்கு மேல்.

அதனால் என் பிள்ளைகளை மதுரைக்கு அனுப்பும்போது சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறேன். அம்மாவுக்கு எழுபத்துநாலு வயசு. நாற்பது நாள் என்ற பேச்சே இல்லை, பன்னிரண்டு நாள். அதற்குக் குறைத்தும் அனுப்புவதில்லை. முதல் மூன்று நாள் பிள்ளைகள் 'போர் அடிக்கிறது' என்று என்னைப் பிடுங்குவார்கள், ஃபோனைக் கேட்பார்கள். நாலாம் நாள்தான் அந்த வீடு அவர்களுக்குப் பழகும். இரண்டு நாள் போய்விட்டு வந்து 'என் பிள்ளைகளுக்கு ஆச்சி வீட்டில் ஒட்டவில்லை' என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது, நாலாம் நாள் வரைக்கும் இருந்து பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த முதல் மூன்று நாளும் நான் கூட இருப்பேன். பிறகு கிளம்பிவிடுவேன். அம்மா அப்பா பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நம்மிடம்தான் வருவார்கள், ஆச்சியிடம் போக மாட்டார்கள்.

சமையலுக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் ஒரு அக்காவை ஏற்பாடு செய்துவிடுவேன். அம்மா முதல் வருஷம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "என் பேரப்பிள்ளைக்கு நான் பொங்கிப் போட மாட்டேனா?" என்று கோபித்துக்கொண்டாள். நோட்டை எடுத்துப்போய் அந்த மூன்று வரியையும் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். மறுநாள் அவளே அந்த அக்காவை வரச் சொன்னாள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை ஆச்சி ரூம் கதவைத் தட்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் ஆளுக்கு ஒரு பலகாரம் கிடையாது. இட்லி என்றால் எல்லோருக்கும் இட்லி.

வேலையும் உண்டு. மகனுக்கு மாடிச் செடிகள், மகளுக்கு ஆச்சியின் மாத்திரைப் பெட்டி. காலை மாத்திரை போட்டாச்சா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். விளையாட்டுக்குக் கொடுத்த வேலை என்றால் பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்து விட்டுவிடுவார்கள். மகள் அந்தப் பெட்டியை விடவே இல்லை. சென்னைக்குத் திரும்பிய பிறகும் காலை எட்டரைக்கு ஃபோன் செய்து, "ஆச்சி, மாத்திரை?" என்று கேட்கிறாள். சில நாள் அதிலிருந்து பேச்சு அரைமணி நேரம் போகும்.

பெரியவர்களிடமிருந்து எதையாவது கேட்டு வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டி "உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அம்மாவிடம் நான் அப்படிக் கேட்டபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், நல்லா இருக்கோம்" என்று முடித்துவிட்டாள். அடுத்த தடவை தாத்தாவின் பாக்குவெட்டியைக் கையில் கொடுத்தேன். அதைத் திறந்து மூடித் திறந்து மூடி ஒரு மணி நேரம் பேசினாள். அதன் கைப்பிடி ஏன் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, தாத்தா எந்தக் கல்யாணத்தில் அதை மறந்து வைத்துவிட்டு நடுவழியில் திரும்பிப் போனார், எல்லாம் வந்தது. ஃபோன் பக்கத்துத் திண்டில், அவள் கை மட்டும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்திருந்தேன்.

சமையலுக்கும் அப்படித்தான். "எவ்வளவு உப்பு?" என்று கேட்டால், "கையால போடுறதுதான்" என்றுதான் பதில் வரும். போடப் போகிற கையை நிறுத்தித் தராசில் வைக்கச் சொன்னால் அந்தக் கைக்கணக்கே தப்பிவிடும். உப்பு ஜாடியை முன்னால் ஒரு தடவை நிறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பாட்டுக்குச் சமைக்கட்டும். முடிந்ததும் ஜாடியை மறுபடி நிறுங்கள். குறைந்த எடைதான் அவர்கள் போட்ட அளவு. பாத்திர அளவையும் இப்படியே எடுக்க வேண்டும். உழக்கு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் பித்தளை உழக்கில் பச்சரிசி தலை தட்டினால் 320 கிராம். அந்த ஒரு உழக்குக்கு அம்மா போட்ட உப்பு 8 கிராம். நான் போட்டது இதைப்போல இரண்டரை மடங்காவது இருக்கும்.

போட்டோக்களை எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள், இந்த வருஷமே. எங்கள் வீட்டில் 1986-இல் தார்சாவில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. பின்வரிசையில் நிற்கிற இரண்டு பெண்கள் யார் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்த பெரிய மாமா போய்விட்டார். பழைய காகிதப் படம் என்றால் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பேனா மசி முன்பக்கம் ஊறிவரும். வழுவழுப்பான புதுப் பிரிண்ட்டில் பென்சில் பிடிக்காது, அதை ஒரு உறையில் போட்டு உறையின் மேல் எழுதிவிடுங்கள். பெயரை மட்டும் எழுதினால் பத்தாது. யாருக்கு என்ன உறவு என்றும் எழுத வேண்டும். பெயர் ஒரே மாதிரி நாலு பேருக்கு இருக்கும்.

போன மே மாதம் மதுரையில் வத்தல் போட்டோம். அந்த அக்கா முந்தின நாளே மாவை கிரைண்டரில் ஆட்டி வைத்திருந்தார். காலை ஐந்து மணிக்குக் கேஸ் அடுப்பில் அண்டா ஏறியது. நான் துடுப்பைப் பிடித்துக் கிண்டினேன், அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொளக் என்று முதல் குமிழ் வெடித்ததும் எழுந்து வந்து, கையை நனைத்துத் தட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. மிளகாய் விழுது போட்டாள், உப்பை ஊற்றினாள். தராசு ஒரு பக்கமாகச் சும்மா இருந்தது.

மகள் தூக்கக் கலக்கத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இருக்கிறதிலேயே சின்னவள் அவள்தான். அம்மா அகப்பை நுனியில் கொஞ்சம் எடுத்து ஊதினாள். மறுபடியும் ஊதினாள்.

"இங்க வா. நாக்க நீட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தாள். நான் துடுப்பை நிறுத்திவிட்டேன்.

"உப்பு கம்மியா இருக்கு, ஆச்சி."

"அப்படின்னா சரியா இருக்கு" என்று சொல்லி அம்மா அடுப்பை அணைத்தாள்.